அக்கா, உன் மகளின் கால் வீக்கம் வடிந்துவிட்டது

என் கோபங்களுக்கெல்லாம் கோழி என்று பெயர் வைத்துச் சிரித்த அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. நித்யா நன்றாக இருக்கிறாள். நேற்று மாலை நான் போனபோது குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கும் புளியமரத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். இரண்டு காலும் ஒரே அளவு. கண்ணால் பார்த்தது போதாதென்று டேப் எடுத்தும் அளந்தேன். "மாமா, நான் என்ன ஜாக்கெட் துணியா?" என்று சிரித்தாள். உன் சிரிப்பேதான்.

நீ போய் ஒன்பது வருடம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதியிருந்தால் திட்டித்தான் எழுதியிருப்பேன், உன்னையல்ல, உன் வீட்டுக்காரரை. இன்று எழுதுவதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன். அதற்கான காரணம் உனக்குப் போகப்போகப் புரியும்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நான் உனக்குப் போன் செய்வேன். எடுத்த எடுப்பில் நீ கேட்பாய், "என்னடா, கோழியெல்லாம் கூண்டுக்கு வந்துடுச்சா?" எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவியைத் தட்டிக்கொண்டு போனவர் ஒரு கோழி. வரப்பை அரை அடி தள்ளிப் போட்ட பெரியப்பா மகன் ஒரு கோழி. ஆய்வகத்துக்கு நான் கேட்ட ஸ்பெக்ட்ரோமீட்டரை வாங்கித் தராமல் விழா மேடைக்குத் திரைச்சீலை வாங்கியவர்கள் ஒரு கூண்டுக் கோழிகள். ஒவ்வொன்றையும் நான் தவறாமல் அடைத்துத் தீனி போட்டு வளர்ப்பதாக நீ சொல்வாய். உண்மைதான். நீ போன பிறகு அந்தக் கூண்டில் ஒரு சேவலும் வந்து சேர்ந்தது. உன் வீட்டுக்காரர், பச்சியப்பன் மாமா.

படிக்கிறவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். உனக்குக் கர்ப்பப்பை அறுவை முடிந்து பன்னிரண்டாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கியது. வண்டியில் இருந்து இறங்கும்போது கால் பிசகியிருக்கும் என்றாய் நீ. சுளுக்கு என்றார்கள் எல்லோரும். நம் பக்கத்தில் சுளுக்கு என்றால் இரண்டு வழி. ஒன்று, எண்ணெய் போட்டு வழித்துவிடத் தெரிந்த ஆளைக் கூப்பிடுவது. இன்னொன்று, கால் முந்திப் பிறந்தவன் தன் காலால் மூன்று தடவை நீவி விடுவது. தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவன் காலுக்கு அந்தச் சக்தி உண்டென்று நம்பிக்கை. நம் வீட்டில் அப்படிப் பிறந்தவன் நான்.

எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நல்லம்பள்ளியில் என் வீட்டு வாசலில் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "வாத்தியாரே, ஒரு ஒதை குடுங்க" என்பார்கள். நான் முனகிக்கொண்டே காலைத் தூக்குவேன். உனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு.

உனக்கு வீங்கியபோது மாமா சுளுக்கு வழிக்கிற முனுசாமி அண்ணனைக் கூட்டிவந்தார். அவர் வந்து போன அரை மணி நேரத்தில் நீ எழுந்து நின்றாய், மூச்சு முட்டுகிறது என்றாய், விழுந்தாய். ஆஸ்பத்திரியில் இருந்த மருத்துவர், கால் நரம்பில் உறைந்த ரத்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கும், யாராவது காலை நீவினீர்களா என்று கேட்டார். நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

உன்னைக் கிடத்தியிருந்த வீட்டு வாசலில் முனுசாமி அண்ணன் மாலையோடு வந்தபோது, ஊரே பார்க்க அவரைக் கொலைகாரன் என்றேன். அவர் மாலையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் சுளுக்கு வழிப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். திருப்தியாக இருந்தது, அக்கா. பொய் சொல்ல மாட்டேன்.

மாமாவோடு பேச்சு அன்றோடு நின்றது. நித்யா கல்யாணத்தில் தாய்மாமன் முறைக்கு வந்து நின்றேன். அவர் பக்கத்திலேயே நின்றார். நாங்கள் பேசிக்கொள்ள வேண்டியதையெல்லாம் ஐயர் வழியாகப் பேசிக்கொண்டோம். "பொண்ணோட மாமாவ மாலை எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க." "பொண்ணோட அப்பாவ நகரச் சொல்லுங்க." ஐயர் மந்திரத்தைவிட இதைத்தான் அதிகம் சொன்னார். வளைகாப்புக்கு நான் போகவில்லை. சீர்த்தட்டை மட்டும் கொடுத்தனுப்பினேன்.

இந்த வருடம் நித்யாவுக்குச் சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? தாய் இல்லாத வீட்டில் உன் வீட்டுக்காரரே பூண்டு உரித்தார், பிரசவ மருந்து இடித்தார், பத்தியச் சோறு வடித்தார். காலையில் பாலக்கோட்டுச் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப்போகிற குட்டியானை வண்டியை அத்தனை நாளும் வீட்டு வாசலில் நிறுத்தியே வைத்திருந்தாராம். இதையெல்லாம் ஊரார் சொல்லக் கேட்டேன். 'செய்யட்டும், செய்ய வேண்டியவர்தானே' என்று நினைத்தேன்.

நாற்பதாம் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு காலை, அவருடைய எண்ணிலிருந்து போன் வந்தது. ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

"மாப்ள, பச்சியப்பன் பேசறன். நித்யாவுக்கு எடது காலு வீங்கிப் போச்சுங்க. நான் யாரையும் தொட வுடல. நீங்க வாங்க."

நல்லம்பள்ளியில் இருந்து காரை ஓட்டினேன். உன் வீட்டுக்குப் போகிற பென்னாகரம் சாலை முழுக்க, அந்த ஆள் மறுபடியும் என்ன செய்து வைத்திருக்கிறாரோ என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டிய வார்த்தைகளையெல்லாம் வழியிலேயே கூராக்கி வைத்துக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால், ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற தொரட்டிக் கோலைக் கையில் பிடித்துக்கொண்டு நித்யாவின் கட்டில் கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாசலில், பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து ஊற்ற வருகிற சின்னப்பொண்ணு அக்கா முறுக்கிக்கொண்டு நின்றது.

"இத்தன நாளா நான் தேச்சு ஊத்தன காலு. இன்னிக்கு என்னமோ தங்கத்துல செஞ்சாப்புல தொடாத தொடாதங்கறாரு. நீங்களே கேளுங்க வாத்தியாரே."

"தொட்டுப் பாரு, அப்பத் தெரியும்" என்றார் மாமா, கோலை நிமிர்த்தி.

கால் தொடை வரை வீங்கி, தோல் இழுத்துக்கட்டிப் பளபளத்து, நீலம் பாய்ந்திருந்தது. அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நித்யாவிடம் கேட்டேன், யாராவது நீவினார்களா என்று. "இல்ல மாமா. அப்பா ஈயக்கூட உக்கார வுடல" என்றாள். கூராக்கி வைத்திருந்த வார்த்தைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

தருமபுரியில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். டாப்ளர் விளைவை நான் எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்! ரயில் நெருங்கும்போது ஊதல் சத்தம் கீச்சென்று ஏறும், தாண்டியதும் இறங்கும் என்று எப்போதும் ஒரே உதாரணம்தான். இங்கே ரயிலுக்குப் பதில் ரத்தம். நித்யாவின் வலது தொடையில் கருவியை வைத்ததும் புஸ், புஸ் என்று காற்று வீசுகிற மாதிரி சத்தம் வந்தது. இடது தொடையில் வைத்தார்கள். ஒன்றுமில்லை. மேலே நகர்த்தினார்கள். ஒன்றுமில்லை. அடிவயிறு வரைக்கும் ஒன்றுமே இல்லை. அந்த அறையில் குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

ரத்தம் மேலும் உறையாமல் இருக்க ஊசி போட்டார் அங்கிருந்த மருத்துவர். மருந்து, கட்டி வளராமல் தடுக்கும், இருக்கிற கட்டியை உடம்பே கரைக்கட்டும் என்று விட்டால் மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் கால் நரம்பின் வால்வுகள் கெட்டு ஆயுளுக்கும் கால் வீங்கியே இருக்கும் என்றார். இவ்வளவு நீலம் பாய்ந்த காலை அப்படி விடுவதும் ஆபத்து. இன்றே சேலம் போங்கள் என்று, ரத்தக்குழாய் மருத்துவர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

நித்யாவைப் பின்சீட்டில் கால் நீட்டிப் படுக்க வைத்தோம். மாமா முன்னால் என் பக்கத்தில், மடியில் குழந்தையோடு. வேகத்தடை வரும்போதெல்லாம் "மெதுவா மாப்ள" என்றார். நான் பதில் சொல்லவில்லை. ஆனால் மெதுவாகத்தான் ஓட்டினேன். தொப்பூர் இறக்கத்தில் அவர் மூச்சு விட்டதாகவே தெரியவில்லை.

சேலத்து மருத்துவர் நித்யாவைவிட ஏழெட்டு வயது மூத்த பெண்ணாக இருப்பார். பார்த்ததும் முதலில் கேட்ட கேள்வி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா? நான் முந்திக்கொண்டேன். இவளுடைய அம்மாவுக்கு இதே இடது காலில் வந்தது, இவர் சுளுக்கு வழிக்கிற ஆளைக் கூட்டி வந்தார், அம்மா போய்விட்டாள் என்றேன். ஒன்பது வருடப் பசி அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்த மாதிரி இருந்தது.

"ஆமாங்க. நான்தான் கூட்டியாந்தன்" என்றார் மாமா. அவ்வளவுதான் சொன்னார்.

மருத்துவர் ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினார். முழங்காலுக்குப் பின்னால் நரம்பில் ஒரு துளை. அதன் வழியாக ஈர்க்குச்சியைவிட மெல்லிய குழாய் ஒன்றைக் கட்டிக்குள்ளேயே செலுத்துவார்கள். குழாய் நெடுக ஊசிமுனைத் துளைகள், அவற்றின் வழியாகக் கட்டியைக் கரைக்கும் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். குழாய்க்கு நடுவில் ஒரு கம்பி. அந்தக் கம்பி நெடுக ஒலி எழுப்பும் பொடிப்பொடிச் சில்லுகள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எவ்வளவு அதிர்வெண் என்று கேட்டேன். நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேல் என்றார். மனிதக் காது இருபதாயிரத்தோடு நின்றுவிடும். மீயொலி பற்றி நான் வகுப்பில் வௌவால் சொல்லியிருக்கிறேன், கடலின் ஆழம் அளப்பது சொல்லியிருக்கிறேன். நம் வீட்டுப் பெண்ணின் நரம்புக்குள் அது போகும் என்று யோசித்ததுண்டா?

ஒலியே கட்டியை உடைத்துவிடாதாம். உறைந்த ரத்தம் நார் நாராகப் பின்னிக் கிடக்கும், அந்த நார்களை ஒலி தளர்த்திக் கொடுக்கும், இடைவெளியில் மருந்து உள்ளே போய் வேலை செய்யும். அதனால் மருந்தும் கொஞ்சம் போதும், நேரமும் மிச்சம். அவர் சொல்லி முடித்ததும் மாமா மெல்லக் கேட்டார்.

"அப்ப அதுவும் நீவறதுதானுங்களா டாக்டரம்மா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மருத்துவர் சிரிக்கவில்லை. "கிட்டத்தட்ட அப்புடித்தான் ஐயா. வெளியில இருந்து நீவுனா கட்டி மொத்தமா பிச்சுக்கிட்டு நெஞ்சுக்குப் போயிடும். இது உள்ள இருந்து இழை இழையா நீவுது. பிரியறத மருந்து அங்கயே கரைச்சுடும்" என்றார். இருபத்திரண்டு வருடப் பாடத்தில் இப்படி ஒரு கேள்வியை எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு நாள் ஆனது.

ஆபத்தையும் மறைக்காமல் சொன்னார். பிள்ளை பெற்று ஆறு வாரம்கூட ஆகவில்லை. கரைக்கும் மருந்தால் தையலில் ரத்தம் கசியலாம், அரிதாக மூளையிலும். ஓசூரிலிருந்து வேலை உடுப்போடு ஓடிவந்திருந்த நித்யாவின் கணவர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், அப்படியே நிறுத்தி மாமனாரைப் பார்த்தார். மாமா என்னைக் காட்டினார்.

"அவரு என்ன சொல்றாரோ அதுதானுங்க. தாய்மாமன் அவரு. படிச்சவரு."

நான் நடத்துவது இயற்பியல், வைத்தியம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கட்டிலில் நித்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா, அந்த நேரம் நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் மருத்துவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். 'செய்யுங்கள்' என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நித்யாவைக் குப்புறப் படுக்கவைத்துக் குழாயைச் செலுத்தினார்கள். சாயங்காலம் ஏழு மணி வரை அது உள்ளே இருக்க வேண்டும். காலை மடக்கக் கூடாது, எழக் கூடாது. மருந்து ஓடும்போது தாய்ப்பாலும் கூடாது. கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்தேன். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் பச்சை எழுத்துகள். சத்தம் எதுவும் இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்காது என்று தெரிந்தும் நின்றேன்.

வராந்தாவில் மாமா குழந்தைக்குச் சங்கில் பால் ஊட்டிக்கொண்டிருந்தார். தக்காளிக் கூடை தூக்கிக் காய்த்துப்போன கை. சங்கின் மூக்கை உதட்டோரம் வைத்து, ஒவ்வொரு சொட்டுக்கும் அவரும் சேர்ந்து விழுங்கினார். ஊட்டி முடித்துத் தோளில் போட்டுத் தட்டிவிட்டு, கை கழுவப் போகும்போது குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை. ஆனாலும் அது தூங்கிவிட்டது.

மதியம் இரண்டு மணிக்குத் தயிர்ச்சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்து எனக்கு ஒன்றை நீட்டினார். பசி. வாங்கிக்கொண்டேன். பாதிச் சோற்றில், ஒன்பது வருடம் கழித்து அவர் முகத்தைப் பார்த்து முதல் முறையாகப் பேசினேன். என்ன பேசினேன் தெரியுமா?

"நித்யாவுக்கு ஈயக்கூட உக்கார வுடல. எங்கக்காவுக்கு மட்டும் அந்தப் புத்தி எங்க போச்சு?"

அவர் கையில் இருந்த சோற்றைப் பொட்டலத்திலேயே வைத்தார்.

"முனுசாமி அண்ணன் கைய வெக்கவே இல்லீங்க மாப்ள."

எனக்குப் புரியவில்லை.

"வந்தாரு. உக்காந்து கால பாத்தாரு. இது சுளுக்கு இல்ல, நரம்புல என்னமோ இருக்குது, நான் தொட மாட்டன், ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போங்கன்னாரு. நான் அவள ஏத்தறதுக்கு வண்டியில இருந்த கூடைய எறக்கிட்டு இருந்தன். அதுக்குள்ள அவ எந்திரிச்சுட்டா."

இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கத்தினேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தது. மாமா குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சொன்னா, அப்ப யாரு நீவுனான்னு நீங்க யோசிப்பீங்க."

அக்கா, இனி உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததைச் சொல்கிறேன். நீ போன நாளுக்கு முதல் நாள் மதியம் உன்னைப் பார்க்க வந்திருந்தேன். நீ கட்டிலில் படுத்திருந்தாய். "ஏன்டா, ஊருக்கெல்லாம் ஒதை குடுக்கற, கூடப் பொறந்தவளுக்கு ஒண்ணு கெடையாதா?" என்றாய். சுளுக்காவது மண்ணாவது என்று நான் நொடித்தேன். நீ விடவில்லை. கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு, உன் கெண்டைக்காலில் என் பாதத்தை வைத்து, முறைப்படி மூன்று தடவை கீழிருந்து மேலாக நீவினேன். நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். சுகமாக இருக்கிறது என்றாய்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மறக்கவில்லை. நினைவுக்கு வரும் வழியில் ஒரு சேவலை நிறுத்தி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

"பாத்தீங்களா?" என்றுதான் என்னால் கேட்க முடிந்தது.

"கதவாண்ட நின்னுட்டு இருந்தன். ஆப்பரேசன் ஆனதுல இருந்து அவ சிரிக்கவே இல்லீங்க. அன்னிக்குத்தான் சிரிச்சா. அதப் போயி தப்புன்னு நான் எந்த வாயால சொல்றது?"

ஆஸ்பத்திரியில் அன்று அவர் தலை குனிந்தது எனக்காக. கொலைகாரனைக் கூட்டி வந்தவன் என்று நான் ஊர் ஊராகச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டது எனக்காக. முனுசாமி அண்ணனிடம் ரகசியமாகப் போய், வாத்தியார் தாங்க மாட்டார், நீங்களும் உண்மையைச் சொல்லாமல் விட்டுவிடுங்கள் என்று கைகூப்பியிருக்கிறார். அந்த மனிதரும் விட்டுவிட்டார். நான் மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று தெரியவில்லை. அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் பக்கத்தில் வைத்தார்.

ஏழு மணிக்குச் சாயம் செலுத்திப் படம் பார்த்தார்கள். கட்டி பெரும்பாலும் கரைந்துவிட்டது. இடுப்புக்குள் ஓரிடத்தில் இடது நரம்பை மேலே ஓடும் தமனி அழுத்திக்கொண்டிருந்ததாம். சிலருக்குப் பிறவியிலேயே அப்படி அமையும், அதனால்தான் இடது கால், உங்கள் அக்காவுக்கும் அதேபோல இருந்திருக்கலாம் என்றார் மருத்துவர். அந்த இடத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். தையல் கசியவில்லை. தலைவலி என்றுகூட நித்யா சொல்லவில்லை. பசிக்கிறது என்றுதான் சொன்னாள்.

மறுநாள் காலை மருத்துவர் கையடக்க டாப்ளர் கருவியோடு வந்தார். இடது தொடையில் வைத்தார். தருமபுரியில் வாயடைத்துக் கிடந்த அதே இடம். புஸ், புஸ் என்று எழுந்தது சத்தம். மாமா கண்ணை அகல விரித்தார்.

"என்னங்க மாப்ள இது, கரண்டு வந்ததும் மோட்டாரப் போட்டாப்புல தண்ணி பாயுது."

அதிர்வெண் மாற்றம், எதிரொலி என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பிறகு நிறுத்திக்கொண்டு, ஆமாம் மாமா, தண்ணிதான் பாயுது என்றேன். மாமா என்று நான் கூப்பிட்டதை அவர் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. நித்யா கவனித்துவிட்டாள்.

கிளம்பும் முன் மருத்துவரிடம் தனியாகப் போய், என் காலைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. "தெரியாது சார். எழுந்து நின்னாலே நகரும். நீங்க கால் வெச்சதால போயிருக்கலாம், வெக்கலன்னாலும் போயிருக்கலாம்" என்றார். உனக்காவது தெரியுமா, அக்கா? தெரிந்தாலும் நீ சொல்ல மாட்டாய். சிரிப்பாய்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. நித்யா இறுக்கமான காலுறை போட்டுக்கொள்கிறாள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாள், சேலத்துக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறாள். குழந்தைக்கு உன் பெயரை வைக்கவில்லை. மாதம்மாள் என்று பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போதெல்லாம் நீ முகத்தைச் சுளித்தது எனக்கு நினைவிருந்தது, வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மாமாவின் குட்டியானை மறுபடியும் பாலக்கோட்டுக்குப் போகிறது. வரும் வழியில் என் வீட்டு வாசலில் நின்று, நசுங்காத தக்காளியாகப் பொறுக்கி ஒரு பை கொடுத்துவிட்டுப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் இன்னும் ஆட்கள் வருகிறார்கள். இப்போது நான் முதலில் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லிப் பார்க்கிறேன். அறுவை ஆனதா, பிள்ளை பெற்றீர்களா, நாள் கணக்கில் படுத்துக் கிடந்தீர்களா என்று கேட்கிறேன். "வாத்தியாரு ஒரு ஒதைக்கு ஆதார் கார்டெல்லாம் கேப்பாரு போலருக்கு" என்று ஒருவர் சலித்துக்கொண்டார். சலித்துக்கொள்ளட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, நிறம் மாறியிருந்தால் யாரும் கை வைக்க வேண்டாம், கால் வைக்கவும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்தக் கடிதத்தை ஊரறிய எழுதுவது இந்த ஒரு வரிக்காகவும்தான்.

மற்றக் கோழிகள் அப்படியேதான் இருக்கின்றன, அக்கா. அந்தத் தலைமையாசிரியரை நான் மன்னிக்கவில்லை. வரப்பும் அரை அடி தள்ளியே கிடக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் திறந்துவிட நான் என்ன மகானா? ஆனால் சேவல் போய்விட்டது. விடிகாலையில் அது கூவாமல் தூங்குவது சுகமாகத்தான் இருக்கிறது.

இன்னும் ஒரு வீடு பாக்கி. ஒகேனக்கல் சாலையில் முனுசாமி அண்ணன் வீடு. இத்தனை நாளும் போகாமல் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மாமாவின் குட்டியானையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போகப்போகிறேன். அன்று கூட்டத்துக்கு நடுவில் சொன்னதை, அதேபோல் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு திரும்ப வாங்குவேன். நீவியது என் கால் என்று என் வாயால் சொல்வேன். அவர் கதவைத் திறக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் போவேன். அவர் வந்தால், உன் பேத்தியின் காதுகுத்துக்கு முன்வரிசையில் உட்கார வைப்பேன். "கொழந்தைக்குத் தாய்மாமன் இல்ல, காது குத்த உங்க மடிதான் மாமா" என்று நித்யா சொல்லிவிட்டாள். அன்று மாமாவும் நானும் ஒரே பாயில் உட்காருவோம். இது உன் மேல் ஆணை.

கால் முந்திப் பிறந்த,
உன் தம்பி